நிராமயா காப்பீடு: 500 ரூபாய்க்கு எது கிடைக்கும், எதற்குக் கடன் வாங்க வேண்டிவரும்

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். வீட்டில் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்கில் ஒன்று உள்ளவர் இருந்தால், அவர் இரண்டு வயதுக் குழந்தையோ ஐம்பது வயதுக்காரரோ, நிராமயா என்ற மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்த்துவிடுங்கள். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்கள் பெரும்பாலும் அறிவுசார் குறைபாட்டுச் சான்றிதழோடு இதற்குள் வருவார்கள். புதிதாகச் சேர வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள குடும்பத்துக்கு 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. ஆண்டுதோறும் புதுப்பிக்க முறையே 50, 250. வயதைப் பார்த்துப் பிரீமியம் ஏறாது, சேரும் முன் மருத்துவப் பரிசோதனை கேட்க மாட்டார்கள், ஏற்கெனவே இருக்கும் நோய் என்று தள்ளி வைக்கவும் மாட்டார்கள். இந்த விலைக்கு இவ்வளவு தரும் பாலிசி வேறு கிடைப்பது அரிது.

ஆனால் இதை மட்டும் நம்பி இருக்கும் குடும்பம் ஒரு பெரிய அறுவை சிகிச்சை வந்தால் கடனில் விழும். வருடத்துக்கு மொத்தமே ஒரு லட்சம் ரூபாய்தான். அந்த ஒரு லட்சமும் ஒரே பில்லுக்குக் கிடைக்காது. குறையைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சை, சாதாரண அட்மிஷன், ஓபிடி எனப்படும் வெளிநோயாளிச் சிகிச்சை, தெரபி, மாற்று மருத்துவம், போக்குவரத்து என்று தனித்தனி உள்வரம்புகளாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரு தலைப்பில் மிச்சம் இருப்பதை இன்னொரு தலைப்புக்கு மாற்ற முடியாது. சேரும்போதே அந்த ஆண்டுக்கான வரம்புப் பட்டியலை இறக்கி, அச்சடித்து, பில் வைக்கும் ஃபைலின் மேலேயே ஒட்டிவிடுங்கள். எந்த மாதம் எந்தத் தலைப்பு தீர்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

1999-ம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் அமைந்த நேஷனல் டிரஸ்ட் நடத்தும் திட்டம் இது. அந்தச் சட்டம் இந்த நான்கு குறைபாடுகளுக்கு மட்டுமே ஆனது. அதனால் பார்வைக் குறை, செவித்திறன் குறை, கால் ஊனம் ஆகியவற்றில் ஒன்று மட்டும் இருப்பவர்களுக்கோ மனநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கோ இதில் இடமில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் 21 வகைகளை ஏற்றுக்கொண்ட பிறகும் நிராமயாவின் வாசல் அகலவில்லை. இது பெரிய குறை, திருத்தப்பட வேண்டிய குறை.

பணம் உண்மையில் எங்கே பயன்படுகிறது

சாதாரண மெடிக்ளெய்ம் பாலிசிகள் படுக்கையில் சேர்ந்தால்தான் பணம் தரும். வளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் செலவு அப்படி வருவதில்லை. வாரம் மூன்று நாள் ஸ்பீச் தெரபி, வலிப்பு மாத்திரை, ஆறு மாதத்துக்கு ஒரு இஇஜி (மூளை அலைப் பரிசோதனை), பல் சொத்தை, ஆட்டோ செலவு என்று மாதாமாதம் கரையும். ஒரு செஷன் 500 ரூபாய் என்று வைத்தாலே மாதம் 12 செஷனுக்கு 6,000, ஆண்டுக்கு 72,000. எந்த மருத்துவமனையிலும் சேராமலேயே ஒரு குடும்பம் கடனாளியாகும் வழி இதுதான். நிராமயாவின் அருமை, இந்தப் படுக்கைக்கு வெளியே ஆகும் செலவையும் ஓரளவு திருப்பித் தருவது. டாக்டர் ஃபீஸ், மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், பல் சிகிச்சை, தொடர் தெரபி எல்லாம் இதில் வருகின்றன. எந்த மருத்துவமனையிலும் காட்டலாம், பட்டியலில் உள்ள மருத்துவமனைதான் என்ற கட்டாயம் இல்லை. ஊரில் ஒரே ஒரு நரம்பியல் மருத்துவர் இருக்கும் சிறு நகரத்துக்காரர்களுக்கு இது மிகப் பெரிய வசதி.

தெரபிக்கு ஒதுக்கிய பங்கு சிறியது என்பதால், அதை எங்கே செலவழிப்பது என்று திட்டமிட வேண்டும். இயன்முறைப் பயிற்சி ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையத்தில் பள்ளிக் கல்வித் துறை வழியாக இலவசமாகக் கிடைக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் ஆரம்பகால இடையீட்டு மையங்கள் உள்ளன. சென்னையைச் சுற்றி இருப்பவர்களுக்கு முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. இலவசமாகக் கிடைப்பதை அங்கே வாங்கிக்கொண்டு, அங்கே நாள் கிடைக்காத பயிற்சிக்கு மட்டும் நிராமயா பணத்தைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான ஊர்களில் அது ஸ்பீச் தெரபியாகத்தான் இருக்கும். மருந்துக்கும் இதே கணக்கு. மக்கள் மருந்தகத்திலோ முதல்வர் மருந்தகத்திலோ வாங்கினால் ஓபிடி வரம்பு இன்னும் சில மாதம் தாங்கும். வலிப்பு மாத்திரையை மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் கேட்காமல் ஒரு கம்பெனியிலிருந்து இன்னொரு கம்பெனிக்கு மாற்றாதீர்கள். அளவு சிறிது மாறினாலும் சிலருக்கு வலிப்பு திரும்பும். ஒரு வலிப்பு வந்து ஐசியூவில் சேர்ந்தால் மருந்தில் மிச்சம் பிடித்தது ஒரே இரவில் போய்விடும்.

சேர்வதில் எங்கே சிக்குகிறது

நேஷனல் டிரஸ்டில் பதிவு பெற்ற நிறுவனங்கள் வழியாக ஆன்லைனில் பதிவு நடக்கிறது. பெரும்பாலும் உங்கள் பிள்ளை போகும் சிறப்புப் பள்ளியே அப்படிப் பதிவு பெற்றதாக இருக்கலாம், முதலில் அங்கே கேளுங்கள். மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் அல்லது யுடிஐடி (மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள) அட்டை, ஆதார், முகவரிச் சான்று, புகைப்படம், வங்கிப் பாஸ்புத்தகத்தின் முதல் பக்கம், வறுமைக்கோட்டுப் பிரிவு என்றால் அதற்கான சான்று ஆகியவை போதும்.

திரும்பி வருவது பெரும்பாலும் சான்றிதழால்தான். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைக்குச் சான்றிதழில் வெறுமனே ‘லோகோமோட்டர் குறைபாடு, 60 சதவீதம்’ என்று எழுதியிருந்தால் கணினி அதை நான்கில் ஒன்றாக எடுத்துக்கொள்ளாது. 2016 சட்டம் மூளை முடக்குவாதத்தை உடல் இயக்கக் குறைபாட்டின் கீழ் அடுக்கியிருப்பதால் வரும் குழப்பம் இது. சான்றிதழ் முகாமிலேயே நோயின் பெயரைத் தெளிவாக எழுதச் சொல்லுங்கள். ‘வளர்ச்சித் தாமதம்’ என்று மட்டும் எழுதினாலும் இதே கதைதான். சிறு பிள்ளைகளுக்குத் தரும் சான்றிதழ் தற்காலிகமானதாக இருக்கலாம். அதன் காலாவதித் தேதியைப் பாருங்கள். சான்றிதழ் காலாவதியானால் புதுப்பித்தலும் நின்றுவிடும்.

காப்பீட்டு ஆண்டு மார்ச் 31-ல் முடிகிறது. ஜனவரியில் சேர்ந்தால் மூன்று மாதம்தான் பயன். முடிந்தால் ஏப்ரலில் சேருங்கள். ஏற்கெனவே இருப்பவர்கள் பிப்ரவரியிலேயே புதுப்பித்துவிடுங்கள், மார்ச் கடைசி வாரத்தை நம்பாதீர்கள்.

க்ளெய்ம்: இந்தத் திட்டத்தின் பலவீனமான இடம்

நிராமயா பெரும்பாலும் நீங்கள் முதலில் கட்டி, பிறகு திரும்பப் பெறும் முறையில்தான் இயங்குகிறது. பணம் வர வாரங்கள் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். அடுத்த மாதத் தெரபி ஃபீஸ் அதற்காகக் காத்திருக்காது. பணம் வரவேண்டிய வீட்டிலேயே கடன் முளைப்பது இந்த இடைவெளியில்தான். இதற்கு ஒரே மருந்து, இரண்டு மாதச் செலவுக்கான தொகையைத் தனிச் சேமிப்புக் கணக்கில் சுழல்நிதியாக வைத்து, க்ளெய்ம் பணத்தை நேராக அந்தக் கணக்குக்கே வரும்படி பதிவு செய்வது. வீட்டுச் செலவுக் கணக்குக்கு அந்தப் பணம் வந்தால் அரிசிக்கும் கரன்ட் பில்லுக்கும் போய்விடும், அடுத்த செஷனுக்கு மறுபடி கைமாற்று வாங்க வேண்டும்.

சிகிச்சை முடிந்த அல்லது டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் பில்களைக் கொடுத்துவிட வேண்டும். மூன்று மாத பில்களைச் சேர்த்து ஒன்றாக அனுப்பலாம் என்று வைத்திருப்பவர்களுக்குப் பழைய பில்கள் எல்லாம் வீண். மாதம் ஒரு தேதி குறித்து அனுப்புங்கள்.

நிராகரிப்புக்கு மிகப் பெரிய காரணம் பில் எழுதும் விதம். ‘ஸ்பீச் தெரபி, ஜூன், ரூ.6,000’ என்று ஒற்றை வரியில் எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்திய ரசீது போதாது. அதில் இருக்க வேண்டியவை: ஆதாரில் உள்ளபடியே பிள்ளையின் பெயர், ரசீது எண், எந்தெந்தத் தேதியில் செஷன் நடந்தது, ஒரு செஷனுக்கு எவ்வளவு, பயிற்சியாளரின் கையெழுத்து, அவர் ஸ்பீச் தெரபிஸ்ட் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண். இதோடு, தெரபி தேவை என்று மருத்துவர் எழுதிய சீட்டு வேண்டும். அந்தச் சீட்டின் தேதி முதல் செஷனுக்கு முந்தியதாக இருக்க வேண்டும். ‘ஸ்பீச் தெரபி, வாரம் 3 முறை, 6 மாதம்’ என்று காலத்தோடு எழுதி வாங்குங்கள். ‘அட்வைஸ்டு தெரபி’ என்று இரண்டு வார்த்தையில் எழுதிய சீட்டை வைத்து ஆறு மாத பில்லை ஏற்கச் சொல்வது கஷ்டம். மருந்துக் கடை பில்லில் பெற்றோர் பெயர் இருந்தால் அதுவும் திரும்பும். கடைக்காரர் போன் நம்பர் கேட்டதும் உங்கள் பெயரே கணினியில் வந்துவிடும், அந்த நிமிடமே மாற்றச் சொல்லுங்கள். மருந்துச் சீட்டில் 30 மாத்திரை என்றிருக்க, 90 மாத்திரை வாங்கிய பில்லுக்கும் வெட்டு விழும்.

ஒரிஜினலைக் கொடுக்கும் முன் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். வெப்பத்தாளில் அடித்த பில் ஓரிரு மாதத்தில் வெளுத்துவிடும். பதில் வராமல் கிடந்தால் பதிவு செய்த நிறுவனத்தோடு நின்றுவிடாமல், நேஷனல் டிரஸ்டுக்கு எழுதி, அதுவும் நகரவில்லை என்றால் மத்திய அரசின் சிபிகிராம்ஸ் குறைதீர் தளத்தில் க்ளெய்ம் எண்ணோடு புகார் போடுங்கள்.

பெரிய பில்லுக்கு வேறு குடை வேண்டும்

இடுப்பு மூட்டு விலகல், முதுகுத்தண்டு வளைவு என்று மூளை முடக்குவாதப் பிள்ளைகளுக்கு வரும் அறுவை சிகிச்சைகள் தனியாரில் லட்சங்களில் போகும். இரண்டரை லட்சம் பில்லில் நிராமயாவும் கையிருப்பும் சேர்ந்து ஒரு லட்சம் போக, மீதி ஒன்றரை லட்சத்தைக் கிரெடிட் கார்டில் தேய்த்துவிட்டுக் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் என்ன ஆகும் என்று பாருங்கள். மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 5,250 ரூபாய், அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி 945 ரூபாய். அசல் பெரிதாகக் குறையாமல், வட்டிக்கும் வரிக்குமே மாதம் 6,195 ரூபாய் போகிறது. ஒரு பிள்ளையின் ஒரு மாதத் தெரபிச் செலவு அது. அதே தொகையை வங்கி நகைக்கடனில் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தாலும் மாதம் 1,500 ரூபாய்தான் வட்டி. கடன் வாங்கியே ஆக வேண்டும் என்றால் வரிசை இது: வங்கி அல்லது கூட்டுறவு வங்கி நகைக்கடன், மகளிர் சுயஉதவிக் குழுவின் உள்கடன், வேலை செய்யும் இடத்தில் முன்பணம். மைக்ரோஃபைனான்ஸ் அதற்குப் பின். கார்டின் குறைந்தபட்சத் தொகைக் கணக்கையும் கந்துவட்டியையும் தொடவே வேண்டாம்.

தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்குக் கடனே வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை பணம் கட்டாமலேயே சிகிச்சை. வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதியலாம். இலவச உதவி எண் 1800 425 3993. ரேஷன் கார்டில் பிள்ளையின் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை இன்றே பாருங்கள். குழந்தைக்குக் குறை இருப்பது தெரிந்து அலையும் வருடங்களில் பலர் பெயர் சேர்ப்பதையே விட்டுவிடுகிறார்கள், அறுவை சிகிச்சைத் தேதி வந்ததும் ஓடுகிறார்கள். இந்தத் திட்டம் முன் அனுமதியில் இயங்குவது. மருத்துவமனை அனுமதி வாங்கிய பிறகே அறுவை நடக்க வேண்டும். முதலில் பணம் கட்டிவிட்டுப் பிறகு கார்டை நீட்டினால் பணம் திரும்பாது. ஓபிடியும் மருந்தும் இதில் இல்லை. ஆக நிராமயா விட்ட இடத்தை இது நிரப்புகிறது, இது விட்ட இடத்தை நிராமயா நிரப்புகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுசு.

வருமானம் அந்த வரம்பைத் தாண்டினால் முதலில் உங்கள் கம்பெனியின் குழுக் காப்பீட்டைப் பாருங்கள். பெரும்பாலான குழுக் காப்பீடுகளில் ஏற்கெனவே உள்ள நோய்க்கு முதல் நாளிலிருந்தே பாதுகாப்பு உண்டு. 25 வயதானதும் பிள்ளையை நீக்கிவிடுவார்களா, மாற்றுத்திறனாளிக்கு விலக்கு உண்டா என்று மனிதவளத் துறையிடம் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேலை மாறும்போது இது சம்பளத்தைவிட முக்கியம்.

தனியார் பாலிசியைப் பொறுத்தவரை 2023 பிப்ரவரி ஒரு திருப்பம். மாற்றுத்திறனாளிகளுக்கென ஒரு பாலிசியை ஒவ்வொரு நிறுவனமும் வைத்திருக்க வேண்டும் என்று காப்பீட்டுத் துறையின் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது அப்போதுதான். 2024 ஏப்ரல் முதல் ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுப் பிரீமியத்துக்கு ஜிஎஸ்டி இல்லை. உங்கள் பிரீமிய ரசீதில் இன்னும் 18 சதவீதம் போட்டிருந்தால் கேள்வி கேளுங்கள்.

வாங்கும் முன் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள். ஒன்று, பில்லில் உங்கள் பங்கு. 20 சதவீதம் என்றால் 3 லட்சம் பில்லில் 60,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து. இரண்டாவது, அறை வாடகை வரம்பு. நாளுக்கு 3,000 வரை என்ற பாலிசியில் 6,000 ரூபாய் அறை எடுத்தால், வாடகை வித்தியாசம் மட்டும் வெட்டப்படாது, டாக்டர் கட்டணம், தியேட்டர் கட்டணம் வரை அதே விகிதத்தில் பாதியாகும். குறைபாட்டை மறைத்து வாங்குவது எந்த நிலையிலும் வேண்டாம். முகவர் ‘எழுத வேண்டாம், பார்த்துக்கலாம்’ என்றால் வேறு முகவரைப் பாருங்கள். நிராகரித்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்லை, சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

வருமான வரி கட்டுபவர்கள் பழைய வரிமுறையில் இருந்தால், சார்ந்திருக்கும் மாற்றுத்திறனாளிக்காக 75,000 ரூபாய், குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000 ரூபாய் கழித்துக்கொள்ளலாம். 80டிடி என்று பழகிய பிரிவு இது. செலவு எவ்வளவு என்று பில் காட்ட வேண்டியதில்லை, முழுத் தொகையும் கழியும். புதிய வரிமுறையில் இது கிடையாது. இரண்டையும் போட்டுப் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

18 வயதுக்கு முன் செய்ய வேண்டிய ஒன்று

நிராமயா பணம் வரும் வங்கிக் கணக்கு பிள்ளையின் பெயரில் பெற்றோர் இயக்குவதாக இருந்தால், 18 முடிந்ததும் வங்கி அதைப் பெற்றோர் இயக்க விடாது. அறிவுசார் குறைபாடு உள்ளவர் கையெழுத்துப் போட முடியாத நிலையில் கணக்கு முடங்கும். க்ளெய்ம் அனுமதியாகியும் பணத்தைத் தொட முடியாது. அரசு தரும் மாத உதவித்தொகையும் அதே கணக்கில் மாட்டிக்கொள்ளும். இதற்கு நேஷனல் டிரஸ்ட் சட்டத்தின் 14-ம் பிரிவில் சட்டப் பாதுகாவலர் நியமனம் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள உள்ளூர்க் குழு அதைத் தரும், கோர்ட்டுக்குப் போக வேண்டாம். பெற்ற தாய் தகப்பனே என்றாலும் 18-க்குப் பிறகு இந்தச் சான்று இருந்தால்தான் வங்கி கேட்கும். குழு மாதாமாதம் கூடும் என்று எதிர்பார்க்க முடியாது. பதினேழரை வயதிலேயே மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பப் படிவத்தை வாங்கி, இணைக்க வேண்டிய சான்றுகளைத் திரட்டி, பிறந்தநாள் கழிந்த வாரமே கொடுத்துவிடுங்கள். கொடுத்த தேதியோடு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வர வேண்டாம்.